காத்திருக்கத் தெரியாத கருணை

நடு நாற்காலியை நிறைத்து, நல்ல மனத்தோடு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர், இந்தப் பள்ளிக் குழுவுக்கும் தலைவர், என் நெடுநாள் நண்பர், ஜவுளிக்கடை அண்ணன் அவர்களே! அவருக்கு இருபுறமும் மாலை வாடாமல் வீற்றிருக்கும் பள்ளிக் குழுவின் பெருமக்களே! பேச வருகிறவனைக் கண்டதுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே! பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களே! நாளெல்லாம் தொண்டை வற்றப் பேசிவிட்டு, இங்கே சற்று வாய்மூடி இளைப்பாறும் ஆசிரியப் பெருமக்களே! தம் பிள்ளை மேடையேறும்வரை விழித்திருந்து, இறங்கியதும் கொட்டாவி விடும் தந்தையரே! மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பொறுமையே வடிவாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் சாய்ந்து நின்று, இவன் எப்போது முடிப்பான் என்று கணக்குப் போடும் தம்பிமார்களே! ஒலிபெருக்கி ஊளையிடாமல் காத்து நிற்கும் நண்பரே! எல்லாருக்கும் மேலாக, முன்னால் தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் நாளைய எஜமானர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் காலி பாட்டில் வியாபாரியின் கனிவான வணக்கம்.

என்னை இங்கே பாராட்டுரை வழங்க அழைத்தார்கள். யாரைப் பாராட்ட? பள்ளிக் குழுவை. எதற்குப் பாராட்ட? சற்று முன்பு தலைவரே எழுந்து சொன்னாரே, நீங்களும் கைதட்டினீர்களே, அதற்காக! இந்தப் பள்ளியில் திக்கிப் பேசும் ஒரு சிறுமிக்கு, இனி வகுப்பில் வாய்விட்டு வாசிக்க வேண்டாம், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், வாய்மொழித் தேர்வுக்கும் எழுந்து நிற்க வேண்டாம் என்று குழு கூடி, கனிந்து, கசிந்து, கண்ணீர் மல்கி முழு விலக்கு அளித்திருக்கிறதே, அந்தக் கருணைக்காக!

அந்தச் சிறுமி என் அண்ணன் மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். ஆகவே குடும்பத்தின் சார்பில் நானே நன்றி சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தார்கள். பொன்னாடை வாங்கிக்கொண்டேன். மாலை வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்பர்களே, நான் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் இறக்குகிற வியாபாரி அல்லன். இந்தக் கருணை என்ற மூட்டையையும் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது சோம்பேறித்தனம்!

ஏன் தலைவர் அண்ணே நெளிகிறீர்கள்? நாற்காலி உங்கள் சங்கம் வாங்கியதுதான்.

கொஞ்சம் முன்னிருந்தே சொல்கிறேன். வாலுவுக்குப் பேச்சு வந்த காலத்திலேயே திக்கலும் வந்தது. வந்ததுதான் தாமதம், எங்கள் வீட்டில் வைத்தியர்கள் முளைத்தார்கள்! அடடா, எத்தனை அறிஞர்கள்! சொந்த இருமலுக்கு மருந்து தெரியாதவர்கள் எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் நாக்குக்கு மருந்து சொன்னார்கள்.

முதலில் என் அக்கா, குழந்தைக்குப் பெரிய அத்தை. "ஒண்ணுமில்லடா, பேருதான் கோளாறு. முதல் எழுத்து முரட்டெழுத்து. நாக்குல முட்டுது. மாத்திடு, சரியாப் போயிடும்" என்றாள். மாற்றினோம். பஞ்சு போல ஒரு பெயர், வாயைத் திறந்தாலே வழுக்கிக்கொண்டு வரும் பெயர். என்ன ஆயிற்று? யாரோ விருந்தாளி வந்து "உன் பேரென்னம்மா" என்று கேட்டார். குழந்தை பழைய பெயரில் பாதி திக்கினாள். அது இல்லையே என்று நினைவு வந்து, புதுப் பெயரிலும் பாதி திக்கினாள். வந்தவர் என் அண்ணியிடம், "ஏம்மா, குழந்தைக்குத் தன் பேரே தெரியலையா?" என்றார். அக்கா அசந்துவிட்டாளா? "அப்ப பேரே வேண்டாம், பாப்பான்னு விட்டுடலாம்" என்றாள்! பேச்சில் தடை என்றால் பேச்சைக் கவனிக்கவேண்டும். இவர்கள் பெயரைப் பிடுங்கப் பார்த்தார்கள்!

அடுத்து வந்தார் தாய்மாமன். அவர் விக்கலுக்கு உள்ள வைத்தியத்தைத் திக்கலுக்குச் செய்தவர். பின்னால் பூனை போல வந்து, காதருகே பலூனை உடைத்தார். குழந்தை அலறியது. "பாத்தீங்களா, அலறும்போது திக்கவே இல்ல!" என்று மீசையை முறுக்கினார். ஆகா! அப்படியானால் இந்த மகராசி வாழ்நாள் முழுதும் அலறிக்கொண்டே இருக்கலாம் என்கிறீர்களா மாமா? என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னோடு அவர் பேசுவதில்லை. எனக்கு அது ஒரு லாபம்.

மூன்றாவதாக ஒரு தைலக்காரர். நாக்கில் தடவினால் நாற்பது நோய்க்கு நல்லதாம், திக்கல் அதில் ஒன்றாம். அண்ணி ஆசையோடு ஒரு பாட்டிலை என்னிடம் காட்டினார். அதைக் கையில் வாங்கினேன், அடியைத் திருப்பினேன், சிரித்துவிட்டேன். என் கடை பாட்டில்! மூடியும் என் கடை மூடி! போன வாரம்தான் அந்த மனிதர் சாக்குச் சாக்காக எடுத்துப் போனார். "அண்ணி, இதுல நம்பிக்கையான பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது பாட்டில்" என்றேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிக்கிற உங்களில் எத்தனை பேர், ஒரு பிள்ளை திக்கும்போது மீதிச் சொல்லை நீங்களே சொல்லி முடிக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை. தூக்கினால் இந்தக் கூடத்தின் மின்விசிறிக்கு ஆபத்து.

இந்த வாலு தெருமுனைக் கடைக்கு ரப்பர், அதாவது அழிப்பான், வாங்கப் போவாள். "ர... ர..." என்று தொடங்குவாள். கடைக்காரர் அன்பே உருவானவர். "ரிப்பனா கண்ணு? இந்தா!" என்று முடித்துவிடுவார். இல்லை என்று சொல்ல இன்னொரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தைக்கும் இன்னொரு திக்கல் வேண்டும். பின்னால் நிற்பவர்கள் வேறு உச்சுக் கொட்டுவார்கள். குழந்தை ரிப்பனை வாங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு நாள் அண்ணி அவள் பையைத் துழாவினால், சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் ரிப்பன்! கேட்டது ஒன்றுகூடக் கிடைக்காமல், கேட்காதது எல்லாம் நிறைந்த பை! அழிப்பான் மட்டும் இல்லை. பெரியவர்களே, உங்கள் அவசர அன்பு ஒரு குழந்தையின் பையில் எப்படி வந்து விழுகிறது பாருங்கள்!

எத்தனை ஆண்டு பாட்டில் கழுவியவன் நான்! கழுத்துக் குறுகிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால் தண்ணீர் சீக்கிரம் வருமா? குபுக் குபுக்கென்று அடைத்துக்கொண்டு சட்டையைத்தான் நனைக்கும். காற்று உள்ளே போக இடம் விட்டுப் பிடித்தால் தானே வரும். இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டியதில்லை. அவசரம் இல்லாத கை இருந்தால் போதும்.

கடைசியில் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அம்மாவிடம் போனோம். குடும்பமே போனது. அந்த அம்மா குழந்தையோடு விளையாடிக்கொண்டே எங்களைக் கவனித்தார். நாங்கள் பேசிய விதத்தைக் கவனித்தார். ஒருவர் முடிக்குமுன் மற்றவர், மற்றவர் முடிக்குமுன் இன்னொருவர். சந்தையில் கூட அவ்வளவு இரைச்சல் இருக்காது. பிறகு அமைதியாகச் சொன்னார்: "இது பயத்தால வந்ததும் இல்ல, வளர்ப்பால வந்ததும் இல்ல. பேச்சை ஓட்டுற வேலையில மூளைக்குள்ள ஏற்படுற ஒரு சின்ன வித்தியாசம். சில குடும்பத்துல வழிவழியா வரும். சில குழந்தைங்களுக்குத் தானாப் போயிடும், சிலருக்குக் கூடவே இருக்கும். சீக்கிரமே கூட்டிட்டு வந்தா நல்லது. ‘மூச்சை இழுத்துவிட்டுப் பேசு, நிதானமாப் பேசு’ன்னு குழந்தைகிட்ட சொல்லாதீங்க. நீங்க நிதானமாப் பேசுங்க. அவ என்ன சொல்றான்னு கேளுங்க, எப்படிச் சொல்றான்னு பார்க்காதீங்க."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வைத்தியம் குழந்தைக்கா, எனக்கா?" என்றாள்.

"ரெண்டு பேருக்கும்மா. உங்களுக்குத்தான் கொஞ்சம் நாளாகும்" என்றார் அந்த அம்மா.

அவரை அந்த இடத்திலேயே என் கடைக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று தோன்றியது எனக்கு.

வீடு மாறியது. ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருந்தோம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அது தவம். திக்கல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. பேச்சு வந்துவிட்டது! திக்கிக்கொண்டே பேசினாள், திக்கிக்கொண்டே சண்டை போட்டாள், திக்கிக்கொண்டே பொய்யும் சொன்னாள். வாலு என்ற பட்டத்துக்கு முழுத் தகுதி பெற்றாள்.

அப்படிப்பட்டவளைத்தான் உங்களிடம் அனுப்பினோம்.

இங்கே என்ன இருந்தது? மேசைமேல் ஒரு மணி இருந்தது. சங்கம் பள்ளிக்குக் கொடுத்த மணி. வாசிப்புத் தேர்வில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவார்கள். நிமிடம் முடிந்தால் மணி. எத்தனை சொல்லோ அத்தனை மதிப்பெண். கேட்கிறேன், வணிகப் பெருமக்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! துணியைத் தராசில் நிறுப்பவர் உண்டா? எண்ணெயை முழம் போட்டு அளப்பவர் உண்டா? உங்கள் கடையில் அப்படி அளந்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? பிள்ளைகளின் அறிவை மட்டும் வேகத்தால் அளக்க யார் உங்களுக்குச் சொன்னது? வேகமாகப் பேசுகிறவர்கள் எல்லாம் அறிவாளிகள் என்றால், என்னிடம் கள்ளச் சரக்கு தள்ள வரும் தரகர்கள் எல்லாரும் இந்நேரம் பேராசிரியர்கள்!

ஆ... செயலாளர் மணியடித்துவிட்டார். எனக்கு! கேட்டீர்களா அன்பர்களே? எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததாம். இத்தனை மேடை ஏறிய எனக்கே அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது ஒரு கணம் மறந்துபோனது. சின்னஞ்சிறு பெண் எழுந்து நின்று, முதல் சொல்லிலேயே போராடிக்கொண்டிருக்கும்போது அந்த மணி அடித்தால்? அடியுங்கள் ஐயா, இன்னும் அடியுங்கள். நான் நிறுத்தப் போவதில்லை.

தேர்வில் வாலு தவறினாள். உடனே உங்கள் உள்ளம் உருகியது. மணியை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. குழந்தையை எடுத்துவிட்டீர்கள்! "பாவம், எதுக்குச் சின்னப் பொண்ணைக் கஷ்டப்படுத்தணும்" என்றீர்கள். என் அண்ணன், பாவம், அவரும் கண் கலங்கி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பள்ளிவிட்டு வாலு என் கடைக்கு வந்தாள். வந்ததும் மூடிகளை அளவுவாரியாகப் பிரிப்பது அவளுக்கு விளையாட்டு. அன்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கோவமா?"

"சித்தப்பா, இன்னைக்கு வ... வரிசையா வாசிக்கச் சொன்னாங்க. எனக்கு மு... மு... முன்னாடி இருக்கிறவ வாசிச்சா. அப்புறம் எனக்குப் பின்னாடி இருக்கிறவ வாசிச்சா."

"நீ?"

"நான் ந... நடுவுல இருந்தேன்."

அண்ணன் அங்கேதான் இருந்தார். "நல்லதுதானே கண்ணு, தொல்லை விட்டுச்சு" என்றார்.

அவள் தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் பா... பாடத்துல ஒரு யானை பேசும்ப்பா. நான் யா... யானைக் குரல்ல பேசிப் பேசிப் ப... பழகி வச்சிருந்தேன்."

தாய்மார்களே, அந்தக் குழந்தை தன் முறைக்காகக் காத்திருந்தது. திக்குவோம் என்று தெரிந்தே காத்திருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு யானையின் குரலைத் தயார் செய்துவைத்துக் காத்திருந்தது. உங்கள் கருணை, படியில் கிடக்கும் செருப்பைத் தாண்டுவதுபோல, அவளைத் தாண்டிப் போனது!

மூடி விற்பவன் சொல்கிறேன். ஒரு மூடியை முறுக்கியும் மூடலாம், மெல்ல அழுத்தியும் மூடலாம். அதட்டி வாயை மூடுகிறவன் ஒரு ரகம். தடவிக்கொடுத்து வாயை மூடுகிறவன் இன்னொரு ரகம். முன்னவனைக் குழந்தை எதிர்த்தாவது அழும். பின்னவனுக்கோ நன்றி சொல்லவேண்டியிருக்கிறது! அந்த நன்றியைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். என்னிடம் அந்தச் சரக்கு இருப்பு இல்லை.

முன்வரிசையில் ஒரு ஐயா ஏதோ சொல்கிறார். "அந்தப் பாப்பாவை மேடைக்குக் கூப்பிடுங்க, நாலு வார்த்தை பேசட்டும், எல்லாரும் கைதட்டுவோம்" என்கிறார். வந்ததே எனக்குக் கோபம்! அவள் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறாள். எங்கே என்று காட்டமாட்டேன். திரும்பித் தேடாதீர்கள்! ஐயா, உங்கள் பேரன் நன்றாக நடக்கிறான் என்று அவனை மேடையேற்றி நடக்கவிட்டுக் கைதட்டுவீர்களா? கைதட்டல் அவளுக்கு வேண்டாம். அவள் கேட்பது காட்சிப் பொருளாகும் உரிமையை அல்ல. பக்கத்துப் பெண்ணுக்கு வருகிற அதே முறை, அதே வரிசையில், அதே சாதாரணமாய் வரவேண்டும். அவ்வளவுதான்!

என்ன பெரிய காரியம் கேட்டுவிட்டோம்? மலையைப் பெயர்க்கச் சொன்னோமா? கடலைக் குடிக்கச் சொன்னோமா? காத்திருங்கள் என்கிறோம்! முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். கடிகாரத்தைப் பாராமல் காத்திருங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள். பக்கத்தில் ஒருவன் கேலி செய்தால் அவனைக் கண்டித்துவிட்டுக் காத்திருங்கள். எப்படி வாசிக்க விருப்பம், தனியாகவா, தோழியோடு சேர்ந்தா என்று அவளையே கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேருந்துக்குக் காத்திருக்கிறோம். கடையில் கூட்டம் குறையக் காத்திருக்கிறோம். வராத சரக்குக்கு வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறோம். வந்துகொண்டே இருக்கும் ஒரு சொல்லுக்கு, வழியில் இருக்கும் ஒரு சொல்லுக்கு, ஒரு குழந்தை தன் உயிரெல்லாம் கூட்டித் தள்ளிக்கொண்டு வரும் ஒரே ஒரு சொல்லுக்கு, நம்மால் காத்திருக்க முடியாதா? முடியாதென்றால், சொல்லுங்கள், குறை அவள் நாக்கிலா, நம் காதிலா?

தலைவர் அவர்களே, உங்களோடு நான் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். இது கடைசிப் பேரம். கொடுத்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முறையை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். எல்லார் முன்னிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை நான் இறங்கமாட்டேன்.

தலைவர் ஒலிபெருக்கியை இழுக்கிறார். என்ன சொல்கிறார்? "எல்லாம் நல்ல எண்ணத்துலதான்ப்பா செஞ்சோம். டீச்சருங்களுக்கு நேரம் பத்தாதேன்னு..." என்கிறார். நேரமா? ஆசிரியையையே கேட்போமே. அதோ, அவரே எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அம்மா, உரக்கச் சொல்லுங்கள்.

"நான்தான் அவளோட வகுப்பு டீச்சர். காத்திருக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல சார். அந்த மணிக்குத்தான் பொறுமை இல்ல. அதை எடுத்துட்டுப் போயிடுங்க."

கேட்டீர்களா! அவை அதிர்கிறது. மணியைச் செயலாளர் மெல்ல மேசைக்குக் கீழே வைக்கிறார். நன்று, நன்று. தலைவர் மறுபடி பேசுகிறார். "சரிப்பா, விலக்கு வேண்டாம், மணியும் வேண்டாம். அடுத்த பருவத்திலேர்ந்து பொண்ணு வாசிக்கட்டும். போதுமா?"

அடுத்த பருவமா? அதற்கு இன்னும்...

பொறுங்கள். யாரோ அங்கே கூட்டத்தின் நடுவில் எழுந்து நிற்கிறார்கள். வாலு! நான் கூப்பிடவில்லை, சத்தியமாக நான் கூப்பிடவில்லை. ஏதோ சொல்ல வருகிறாள்.

"ந... ந... நா..."

தலைவர் புன்னகைக்கிறார். "நன்றியாம்மா? இருக்கட்டும், இருக்கட்டும், உட்காரு" என்கிறார். அண்ணே! உங்களுக்குப் பின்னாலிருந்து உங்கள் வீட்டம்மாவே ‘உஸ்’ என்கிறார். பேசாமல் இருங்கள்! யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். தம்பிமார்களே, அசையாதீர்கள். அவள் முடிக்கட்டும்.

...

...

"நா... நாளைக்கே!"

வேறென்ன சொல்ல இருக்கிறது எனக்கு? ஆசிரியை தலையசைத்துவிட்டார். தலைவரும், தாமதமாகத்தான், தலையசைத்துவிட்டார். இத்தனை பேர் இருக்கும் இந்தக் கூடத்தில், ஒரு சொல் வந்து சேரும்வரை ஓர் இருமல்கூட எழவில்லை. உங்களால் முடிகிறது!

காத்திருந்த உங்கள் காதுகளுக்கு என் நன்றி. நாளைய வகுப்பில் அவளுக்கு முன்னும் பின்னும் அமரப்போகும் பிள்ளைகளுக்கு என் வணக்கம்.